நடுநகரும் நாளங்காடியும்

நகர மன்றத்தின் மேசைமீது வரைபடம் ஒன்று விரிக்கப்படுகிறது. சுருண்டுவிடாமலிருக்க நான்கு மூலையிலும் கண்ணாடிக் குண்டுகள். சுற்றிலும் நாற்காலிகள், நாற்காலிகளில் நல்லவர்கள். ஆம், நல்லவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கெட்டவர்களால் வரும் கேட்டைப் பற்றிப் பேசுவது எளிது. அதற்கு இத்தனை பக்கங்கள் தேவையில்லை. அந்த நல்லவர்களுள் ஒருவர் சிவப்புப் பென்சிலை எடுக்கிறார். "ஊரின் நடுப்பகுதி களையிழந்து கிடக்கிறது. பழைய கடைவீதியில் பாதிக் கதவுகள் சாத்தியே இருக்கின்றன. இருட்டினால் ஆள் நடமாட்டம் இல்லை. இந்த இடத்தில் அங்காடி ஒன்று எழுப்பினால் கூட்டம் கூடும், கூட்டம் கூடினால் களை திரும்பும்" என்கிறார். வட்டம் ஒன்று போடுகிறார். மற்றவர்கள் தலையசைக்கிறார்கள். தேநீர் வருகிறது. வட்டம் முடிவாகிறது.

அந்த அறையில் இல்லாதவர் யார்? நாளை அந்த வட்டத்துக்குள் வந்து, கூடையை இறக்கி, சாக்கை விரித்து, கீரையைக் கட்டுக் கட்டாக அடுக்கி, வெயிலேறும்வரை குரல் கொடுக்க வேண்டியவள். வட்டம் அவளை நம்பிப் போடப்பட்டது. அவளைக் கேட்டுப் போடப்பட்டதன்று.

அங்காடிக்கு இடம் தேர்வது பொறியாளர் வேலை, கணக்கர் வேலை என்றுதான் நாமும் எண்ணியிருந்தோம். எண்ணிப் பார்க்கப் பார்க்க, அது அறத்தைப் பற்றிய கேள்வி என்பது புலனாயிற்று. எந்த இடம் என்ற கேள்விக்குள்ளே எவருக்காக என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. நடுநகருக்கு உயிரூட்டப் போகிறோம் என்கிறார்களே, யாருடைய உயிரை எடுத்து ஊட்டப் போகிறார்கள்?

மனையடி சாத்திரம் பார்ப்பவனைக் கண்டு நாம் நகைக்கிறோம். வாயிற்படி இந்தத் திசையில் இருந்தால் செல்வம் நுழையும், அந்தத் திசையில் இருந்தால் துன்பம் நுழையும் என்கிறானே, செல்வத்துக்குத் திசை தெரியுமா என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால், வளைந்த கூரையும் வழவழப்பான தரையும் கொண்ட கட்டடம் ஒன்றை ஊர் நடுவே நிறுத்திவிட்டால் உயிர் தானாக வந்து குடியேறும் என்று நம்புகிற பட்டதாரியை என்னவென்று அழைப்பது? அவனிடம் இருப்பது ஓலைச்சுவடி. இவரிடம் இருப்பது திட்ட அறிக்கை. கல்லுக்கு ஆற்றல் உண்டென்று இருவருமே நம்புகிறார்கள்.

கல்லுக்கு அந்த ஆற்றல் இல்லை என்பதைத் திருச்சியிலே கண்டோம். அங்கே, நகரின் நெஞ்சுப் பகுதியில் இருக்கிறது காந்தி மார்க்கெட். நெரிசல் உண்டு, சேறு உண்டு, வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்பதும் உண்டு, மறுப்பதற்கில்லை. அந்த நெரிசலைத் தீர்ப்பதற்காக, ஊருக்கு வெளியே மதுரை நெடுஞ்சாலையில் உள்ள கள்ளிக்குடியில், ஏறத்தாழ 77 கோடி ரூபாய்ச் செலவில், காய்கனிக்கும் மலருக்குமாக வளாகம் ஒன்று கட்டினார்கள். 2017-ஆம் ஆண்டில் திறப்பு விழாவும் நடந்தது. வணிகர்கள் போகவில்லை. கடை சிறிது, தொலைவு பெரிது என்றார்கள். வழக்கு மன்றப் படியும் ஏறினார்கள். ஆண்டுகள் உருண்டன, வளாகம் வெறிச்சோடிக் கிடந்தது, மூட்டைகள் காந்தி மார்க்கெட்டுக்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

வணிகரின் பிடிவாதம் என்று சொல்லிக் கோப்பை மூடிவிடலாம். பிடிவாதமும் இருந்திருக்கும், பழைய இடத்தில் வேர்விட்டவனுக்குத் தன்னலமும் இருக்கும். ஆயினும் அங்காடி என்பது கடைகளின் எண்ணிக்கையா? மண்டிக்காரரை நம்பித் தள்ளுவண்டிக்காரர்; தள்ளுவண்டிக்காரரை நம்பித் தெருமுனைக் குடும்பம்; மூட்டை இறக்குபவரை நம்பித் தேநீர்க் கடை; மாலையில் விலை இறங்கும்போது வந்து வாங்கிப்போகும் கூலிக்காரி; அவளுக்காகவே ஓரமாய் ஒதுக்கிவைக்கப்படும் அடிபட்ட தக்காளி. பல்லாண்டு பின்னிய வலை அது. வலையின் நான்கு முடிச்சை மட்டும் பிடுங்கி வேறிடத்தில் நட்டுவிட்டு, மீன் ஏன் விழவில்லை என்று கேட்டால் என்ன மறுமொழி கூறுவது?

பழம்பெருமை பேசிப் பசியாறுகிறவர்கள் அல்லர் நாம். எனினும் சிலப்பதிகாரத்தில் ஒரு செய்தி இருக்கிறது. இடம் தேர்வோர் படிக்க வேண்டிய செய்தி. புகார் நகருக்கு இரண்டு பகுதிகள். கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம். அங்கே பரதவர், கைவினைஞர், உப்பு விற்போர், நெய்வோர், கடல் கடந்து வந்த யவனர். உள்ளே பட்டினப்பாக்கம், அங்கே அரசர் தெரு, பெருவணிகர் தெரு, மறையோர் தெரு. உழைப்பவர் ஒரு பக்கம், உடையவர் ஒரு பக்கம். பகலில் கூடும் அங்காடி, நாளங்காடி, எங்கே இருந்தது? பட்டினப்பாக்கத்தின் மாடத்தடியில் இல்லை. மருவூரின் மணலிலும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட சோலையில் இருந்தது. மரங்களே கடைகளுக்குக் கால்களாக நின்றன என்கிறார் இளங்கோ. அந்த இடைநிலத்துக்கு அவர் சொல்லும் உவமையும் கருதத்தக்கது. இருபெரு வேந்தர் படைகள் எதிரெதிரே நிற்க, நடுவே கிடக்கும் நிலம் போன்றதாம். அங்கே பூதம் ஒன்று காவல் இருந்தது என்றும் கதை சொல்கிறார். பூதத்தை விட்டுவிடுவோம், இடத்தைப் பிடித்துக்கொள்வோம்.

புகாரில் அப்படியே நடந்ததா, புலவர் கற்பனையா என்று கேட்கலாம். கற்பனையாகவே இருக்கட்டும். அங்காடிக்கு உரிய இடம், வேறு வகையில் சந்திக்கவே மாட்டாத இரு சாரார் சந்திக்கும் எல்லைக்கோடு என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே, அந்த எண்ணம் போதும் நமக்கு.

ஊரின் நடு என்பது நம் நாட்டில் எளிய சொல்லன்று, தோழர்களே! நடுவிலே கோயில், அதைச் சுற்றி உயர்ந்தோர் எனப்பட்டோர் வீதி, அதற்கப்பால் உழுவோர் தெரு, காற்று வீசாத திசை பார்த்துச் சேரி. நடுவிலிருந்து எத்தனை முழம் தள்ளி நிற்கிறான் என்பதைக் கொண்டே மனிதனை அளந்தார்கள். அளவுகோலைத் தூக்கியெறியச் சந்தையும் ஒரு வகையில் உதவியது. காசுக்கு எந்தத் தெரு என்று எவனும் கேட்கவில்லை, கத்தரிக்காயைக் கழுவிச் சமைத்தான். சந்தை சாதியை ஒழித்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. சந்தைத் தோப்பின் தேநீர்க் கடையிலேயே இரட்டைக் குவளை தொங்கிற்று. ஆனால் அக்கிரகாரத்துக்குள் கால் வைக்க முடியாதவன் சந்தைக்குள் வைத்தான், விலை சொன்னான், பேரத்தில் மறுத்தும் பேசினான். மறுத்துப் பேசும் உரிமை சிறிதா? எனவே, நடுநகரில் அங்காடி என்றதும் நமக்கு மகிழ்ச்சிதான். அந்த நடு, பழைய நடுவாகவே இருந்துவிடக்கூடாது என்பதே கவலை.

கவலைக்குக் காரணம் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள நெடுந்தொலைவு போக வேண்டும். அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகரில், நூறாண்டுக்கு மேலாக நிற்கும் அங்காடி ஒன்றின் கதையில் இந்தக் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது. அதன் பெயர் பைக் பிளேஸ்.

1906-க்கும் 1907-க்கும் இடையே அந்த ஊரில் வெங்காயத்தின் விலை பத்து மடங்கு ஏறிற்று என்று சொல்கிறார்கள். விளைவித்த உழவனுக்கு அந்த ஏற்றம் கிட்டவில்லை. வாங்கியவள் அழுதாள், விற்றவன் அழுதான், நடுவே இருந்த கமிஷன் மண்டி சிரித்தது. நமக்குப் பழக்கமான காட்சிதான். தாமஸ் ரெவெல் என்ற நகர மன்ற உறுப்பினர், உழவனும் வாங்குவோரும் நேருக்கு நேர் நிற்கட்டும், ஒரு தெருவை ஒதுக்குங்கள் என்றார். ஒதுக்கினார்கள். கடற்கரை மேட்டின்மேல், பலகை பாவிய புதுச் சாலை. கீழே கூப்பிடு தொலைவில் அதே கமிஷன் மண்டிகள். 1907 ஆகஸ்டு 17, சனிக்கிழமை. கட்டடம் இல்லை, கூரை இல்லை, கொடி தோரணம் இல்லை. வந்த உழவர் வண்டிகள் ஏறத்தாழப் பத்து. காத்திருந்த மக்களோ ஆயிரக்கணக்கில்! உச்சிவேளைக்குள் வண்டிகள் காலியாயின. கூரையும் வரிசைக் கடைகளும் அந்த ஆண்டின் இறுதியில், மக்கள் வந்த பிறகே, வந்தன.

அந்த இடத்தை எப்படித் தேர்ந்தார்கள்? நகரை அழகுபடுத்தவா? களையூட்டவா? இல்லை. வண்டி வந்து நிற்க இடம், வாங்குவோர் நடந்து வர வழி, அவ்வளவே. நோக்கம் நேர்மையாக இருந்தது. இடம் தானே பொருந்திற்று.

இனி அக்கதையின் இருண்ட பக்கம். அந்த அங்காடியில் காய்கறி விற்ற உழவர்களுள் பெரும்பகுதியினர் ஜப்பானிய வழியினர். புதர் மண்டிய நிலத்தையும் சதுப்பையும் திருத்தி விளைவித்தவர்கள். சொந்தமாக நிலம் வாங்கச் சட்டம் அவர்களுள் மூத்த தலைமுறையை விடவில்லை, குத்தகைக்கு உழுதார்கள். 1942 பிப்ரவரி 19-ஆம் நாள், போர்க்கால அச்சத்தில், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆணை ஒன்றில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினர் முள்வேலி முகாம்களுக்குப் பெயர்த்தெடுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அந்த நாட்டின் குடிமக்கள். குற்றம் என்ன? முகம்!

மறுநாள் அந்த அங்காடி எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இடம் அதே இடம். மேடு அதே மேடு. கூரை இருந்தது, பலகை இருந்தது, விளக்கு இருந்தது. வரிசை வரிசையாகக் கடைமேடைகள் வெறுமையாய்க் கிடந்தன. எந்த இடத்தை நகரின் உயிர்நிலை என்றார்களோ, அந்த இடத்தில் உயிர் இல்லை. போர் முடிந்த பிறகும் பழைய நிறைவு திரும்பவில்லை. போனவருள் பலர் நிலத்தையும் இழந்திருந்தனர். 1988-இல்தான் அந்நாட்டு அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. எஞ்சியிருந்தோர்க்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுத்தது. இன்று அந்த அங்காடியின் வாயிலில், மேலே, அவர்களை நினைவுகூரும் ஓவியம் தொங்குகிறது. கீழே கூட்டம் அலைமோதுகிறது. அண்ணாந்து பார்ப்பவர் சிலர்.

வெறுமையான மேடைகளைக் கண்ட நகரத்தார் என்ன முடிவுக்கு வந்தார்கள்? ஆட்களை அனுப்பிவிட்டோமே, அதனால் வாடிற்று என்றா? இடம் அழுகிவிட்டது என்றார்கள்! 1963-இல் திட்டம் வந்தது: இடித்துவிடலாம், தங்கும் விடுதி, அலுவலகக் கோபுரங்கள், வண்டி நிறுத்துமிடம் கட்டலாம், நடுநகர் புத்துயிர் பெறும். எதிர்த்து எழுந்தவர் விக்டர் ஸ்டைன்புரூக் என்ற கட்டடக்கலைப் பேராசிரியர். 1964-இல் அங்காடி நண்பர்கள் என்றோர் அமைப்பு. கையெழுத்து வேட்டை, ஊர்வலம், துண்டறிக்கை. நம் தோழர்களுக்கு இவற்றை விளக்க வேண்டியதில்லை. 1971 நவம்பர் 2-ஆம் நாள் மக்கள் வாக்களித்து, ஏழு ஏக்கர் நிலத்தை இடிபாட்டிலிருந்து காத்தார்கள். வல்லுநர் வரைபடத்தை வாக்குச் சீட்டு வென்றது.

அதற்குப் பிறகு செய்த காரியம்தான் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. 1973-இல் பொது நிறுவனம் ஒன்றை அமைத்து, அங்காடியை அதன் பொறுப்பில் விட்டார்கள். உழவரும் கைவினைஞரும் தாம் செய்ததைத் தாமே விற்கும் மேடைகள் காக்கப்பட்டன. அதோடு நிற்கவில்லை. அந்த அங்காடிக் கட்டடங்களிலேயே ஏழை முதியோருக்குக் குறைந்த வாடகை வீடுகள், அவர்களுக்கு மருத்துவமனை, விற்போர் குழந்தைகளுக்குக் காப்பகம், இல்லாதோர்க்கு உணவுப்பொருள் வழங்கும் இடம். அங்காடியால் நிலத்தின் விலை ஏறும், ஏறினால் முதலில் வெளியேறுவோர் அங்கேயே வாழும் எளியவர்கள் என்பதை அறிந்து, அவர்கள் காலுக்கடியில் முன்கூட்டியே ஒரு பலகையைச் செருகினார்கள். சொர்க்கம் என்று சொல்லிவிடாதீர்கள். இன்று ஆண்டுக்கு ஒரு கோடி அளவில் பார்வையாளர் வருகிறார்கள் என்கிறார்கள். படம் எடுப்போர் கூட்டத்துக்கிடையே, ஒரு கட்டு கீரை வாங்க வந்த உள்ளூர்க்காரர் முழங்கையால் வழி தேட வேண்டியிருக்கிறது. வெற்றியும் ஒரு நோய்தான்.

இங்கேதான் நம் கேள்வி கூர்மையடைகிறது. செருமானிய நாட்டு அறிஞர் இமானுவேல் கான்ட், 1785-இல் வெளியிட்ட அறநூலில் ஒரு கட்டளை வைத்தார்: மனிதனை, அவன் எவனாயினும், வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே, அவனே ஒரு நோக்கம் என்று கொள். கடவுள் சொன்னார் என்பதற்காகவன்று, அறிவு சொல்கிறது என்பதற்காக. இந்த உரைகல்லில் நம் நகர மன்றத்து வட்டத்தை உரைத்துப் பாருங்கள். நடுநகருக்குக் கூட்டம் வேண்டும், கூட்டத்துக்கு அங்காடி வேண்டும், அங்காடிக்குக் கீரைக்காரி வேண்டும். அவள் யார், இந்தக் கணக்கில்? தூண்டிற்புழு! மீன் விழுந்த பிறகு புழுவுக்கு என்ன வேலை? கூட்டம் கூடிற்று, வாடகை ஏறிற்று, கண்ணாடிக் கடை வந்தது. அம்மா, நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போங்கள், வழி மறைக்கிறது.

"அவளுக்கும் விற்பனை நடக்கிறதே, கருவியாக இருந்தால்தான் என்ன? நகரும் வாழ்கிறது, அவளும் வாழ்கிறாள்" என்று வாதிட்டார் நண்பர் ஒருவர். பொருத்தமான வாதம்தான். ஒருவருக்கொருவர் பயன்படுவதைக் கான்ட் தடுக்கவில்லை; வெறும் கருவியாக என்பதில் உள்ள ‘வெறும்' என்ற சொல்லில்தான் நீதி இருக்கிறது. நண்பரைத் திருப்பிக் கேட்டோம்: கூட்டம் வராவிட்டால் நட்டம் யாருக்கு? கூட்டம் வந்தால் ஏறும் நிலவிலை யாருக்கு? நட்டத்தில் அவளுக்கு முழுப் பங்கும், ஏற்றத்தில் துளிப் பங்கும் இல்லாத ஏற்பாட்டை எந்தப் பெயரால் அழைப்பது? நண்பர் பேச்சை மாற்றினார்.

மற்றொரு மறுப்பு இருக்கிறது. அதைத் தட்டிக்கழிப்பது பகுத்தறிவாகாது. அங்காடி நடுநகரிலேயே இருக்க வேண்டும் என்பதும் ஒரு குருட்டு நம்பிக்கை ஆகலாமே? ஆகலாம். சென்னையில் கொத்தவால் சாவடி இருந்த நாட்களை அறிந்தவர்கள், ஜார்ஜ் டவுனின் அந்த ஒடுங்கிய தெருக்களில் லாரியும் மாட்டுவண்டியும் சுமைப்பணியாளரும் அழுகிய இலையும் கலந்து கிடந்ததை மறக்கமாட்டார்கள். 1996-இல் அந்த மொத்த வணிகம் கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தது. 295 ஏக்கர் வளாகம், அகன்ற சாலைகள், பொருளுக்கேற்பத் தனித்தனிக் கட்டடம். நூறு மூட்டை ஏற்றிவரும் லாரிக்கு நடுநகரில் என்ன வேலை? அந்த மாற்றத்தை நாம் குறை கூறவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஒதுக்குப்புறம் என்று கருதி அனுப்பிய இடத்தைச் சுற்றியே நகரம் மொய்த்துக்கொண்டது. அங்காடி போன வழியில் பேருந்து நிலையம் போயிற்று, மெட்ரோ ரயில் போயிற்று. இப்போது அதுவும் ஒரு நடு. 2020 மே மாதத்தில், கொள்ளைநோய்க் காலத்தில், கோயம்பேடு மூடப்பட்டு வணிகம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில் திரும்பிற்று. அந்தச் சில மாதங்களில் மழை பெய்தால் சேற்றில் நின்று மூட்டை புரட்டியவர்களைக் கேட்டால், இடம் என்ற சொல்லின் பொருளைச் சொல்வார்கள்.

மொத்த வணிகம் வேறு; சில்லறை வணிகம் வேறு. முன்னதற்கு லாரியின் சக்கரம் அளவுகோல். பின்னதற்கு மனிதனின் கால். இரண்டையும் குழப்பி, பெரியதை வெளியேற்றும்போது சிறியதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். பாரிசில் அப்படித்தான் நடந்தது. பாரிசின் வயிறு என்று சோலா தம் 1873-ஆம் ஆண்டுப் புதினத்துக்குப் பெயரிட்டாரே, அந்த அங்காடியை 1969-இல் புறநகரான ரூன்ஜிசுக்கு மாற்றினார்கள். இரும்பும் கண்ணாடியுமாய் நின்ற கூடங்களை 1971 முதல் இடித்தார்கள். நகரின் நடுவே பல்லாண்டு பெரும்பள்ளம் ஒன்று வாய் பிளந்து கிடந்தது. 1979-இல் அங்கே வணிக வளாகம் வந்தது. வயிற்றை அறுத்தெடுத்துவிட்டு, முகம் ஏன் வெளுத்தது என்று ஆராய்ந்தார்கள்! இலண்டனின் கோவண்ட் கார்டன் 1974-இல் இடம் பெயர்ந்தது. அங்கே மக்கள் எதிர்ப்பால் கட்டடமாவது தப்பிற்று. அதில் இன்று கோசுக்கட்டு கிடைக்காது, கோட்டுத் துணி கிடைக்கும்.

நம் ஊருக்கே திரும்புவோம். 1999 நவம்பர் 14-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. சியாட்டிலில் 1907-இல் எழுந்த அதே எண்ணம்தான்: தரகர் இல்லாமல் விளைவித்தவனே விற்கட்டும். அத்திட்டத்தில் எங்கள் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது சந்தையின் கூரையன்று. உழவரின் சுமையை அரசுப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிவர வழி செய்ததே. இடம் என்பது சந்தையின் வாசலில் தொடங்குவதில்லை; தோட்டத்து வரப்பில், கூடை தலைக்கு ஏறும்போதே தொடங்கிவிடுகிறது என்று அதை வகுத்தவர்களுள் யாரோ ஒருவர் உணர்ந்திருக்கிறார். பின்னர் அந்தச் சந்தைகளுள் சில செழித்தன, சில வாடின. வாடியவற்றின் அருகில் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கேள்வி ஒன்றாகவே இருக்கும்: விடியுமுன் அங்கே வந்து சேரும் பேருந்து உண்டா?

கீரைக்காரியின் ஒரு நாளைக் கணக்கிடுவோம். பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சிற்றூர். மாலையில் தண்டல்காரனிடம் தொள்ளாயிரம் ரூபாய் வாங்குகிறாள். மறுநாள் மாலை ஆயிரமாகத் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கீரை அறுபடுவது இருட்டில்; காலை எட்டு மணிக்கு மேல் வாடத் தொடங்கும்; பத்து மணிக்கு மேல் பாதி விலை; உச்சிக்கு மேல் மாட்டுக்கு. 2021 மே முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை, நல்லது, மிக நல்லது. ஆனால் நான்கு மணிக்குப் பேருந்தே இல்லையென்றால் கட்டணமின்மை என்ன செய்யும்? பங்கு ஆட்டோவில் ஆளுக்கும் கூடைக்குமாகக் கொடுக்கிறாள். புது அங்காடி, பேருந்து நிறுத்தத்திலிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளி அமைகிறது என்க. வரைபடத்தில் அது கடுகளவு. காரில் வருகிறவருக்கு ஒரு நிமிடம். தலையில் இருபது கிலோ கூடையோடு அவளுக்கு? இரண்டு நடை, மூன்று நடை, முதல் நடைச் சரக்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அரைமணி போய்விடுகிறது. அரைமணியில் கீரை ஒரு ரூபாய் இறங்குகிறது. பகல் முழுதும் அமர்ந்திருப்பவளுக்குக் கழிப்பிடம் வேண்டும். அது இல்லாததனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்கள் நம் சந்தைகளில் எத்தனை பேர் என்று எந்தத் திட்ட அறிக்கையாவது எண்ணியிருக்கிறதா? நடுநகர்ப் புத்துயிர்ப்பு என்று எழுதும் கை, இந்த வரியை எழுதக் கூசுகிறது.

ஆகவே இடம் தேர்வதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. அறிஞர்கள் சிரித்தாலும் சரி. வரைபடத்தை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மக்கள் எங்கே விற்கிறார்கள், எங்கே வாங்குகிறார்கள் என்று நான்கு மணியிலிருந்து பத்து மணிவரை ஒரு வாரம் நடந்து பாருங்கள். விரட்ட விரட்டத் திரும்பி வந்து உட்காருகிறார்களே சில இடங்களில், காவலர் தடியைக் கண்டால் எழுந்தோடி, தடி மறைந்ததும் மீண்டும் சாக்கை விரிக்கிறார்களே, அந்த இடத்தை அவர்கள் காலும் வயிறும் பல்லாண்டு ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கின்றன. அதைவிடச் சிறந்த ஆய்வறிக்கை எந்த அலுவலகத்திலும் இல்லை. அங்கே நீர்க்குழாய் வையுங்கள், கழிப்பிடம் கட்டுங்கள், நிழல் போடுங்கள். வாடகையை, நிலத்தின் விலையோடு கட்டாமல் விற்பனையின் அளவோடு கட்டுங்கள். நடுநகர் அதனால் பிழைத்தால் பிழைக்கட்டும், மகிழ்வோம்.

இது எங்கள் கற்பனையன்று. நாட்டின் சட்டமே பாதி வழி வந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம், விற்போரும் வாங்குவோரும் வழிவழியாகக் கூடும் இடங்களை இயல்பான சந்தை என்று பெயரிட்டு மதிக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் விற்பனைக் குழு ஒன்று அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாமல் தெரு வணிகர்கள், அவர்களுக்குள்ளேயே தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கப்பட்டு இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. படித்தபோது நாம் வியந்தோம். சிவப்புப் பென்சிலைப் பிடுங்கி அவள் கையிலும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறதே சட்டம்!

தோழர்களே, உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். காலை பத்தரை மணி என்று கடிதம் வந்தால், அது அவளுக்கு விற்பனை நேரம். எழுந்து போனால் எஞ்சிய கீரை யாருக்கு? வரவில்லை, அக்கறையில்லை என்று குறிப்பெழுதி, கையெழுத்திட்டு, மீண்டும் தேநீர் குடிப்பார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டச் சொல்லுங்கள், சந்தைத் தோப்பிலேயே கூட்டச் சொல்லுங்கள். சாக்கை உதறி மடித்து, கூடைக்குள் கூடையைச் செருகிவிட்டு, நான்கு மணிப் பேருந்துக்கு முன்னால் அவள் ஒரு மணி நேரம் இருப்பாள்.